சர்வேசுரன் நல்லவர் என்பதன் பொருள் என்ன?



சர்வேசுரன் நல்லவர் என்பது நாமெல்லாரும் தாய் மடியிலேயே கேட்ட பாடம். ஞானோபதேச வகுப்பில் ஒரு சிறு பிள்ளையை எழுப்பி, "சர்வேசுரன் ஏன் நல்லவர்?" என்று கேட்டால், "சாப்பாடு தருகிறார், துணி தருகிறார், அப்பாவுக்கு வேலை தருகிறார்" என்று விரல்விட்டு எண்ணும். பிள்ளையின் விடை தப்பில்லை. ஆனால் வளர்ந்தவர்களாகிய நாமும் அந்த விடையோடு நின்றுவிட்டால், சாப்பாடும் துணியும் வேலையும் போகிற நாளில் நம் விசுவாசமும் கூடவே போய்விடும்.

ஒரே தெருவில் இரண்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வீட்டிலும் பிள்ளைக்குக் கடும் வியாதி. இரண்டு தாய்மாரும் ஒரே பீடத்தின் முன் முழங்காலிலிருந்து மன்றாடினார்கள். ஒரு பிள்ளை பிழைத்தது, மற்றது மரித்தது. பிழைத்த வீட்டார், "சர்வேசுரன் நல்லவர், எங்கள் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டார்" என்று சொல்லி மகிழ்கிறார்கள். பக்கத்து வீட்டுத் தாய் சுவருக்கு அப்பால் இருந்து அதைக் கேட்கிறாள். அவள் என்ன சொல்ல வேண்டும்? அவளுக்கு மட்டும் சர்வேசுரன் நல்லவரில்லையா?

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் கோயிலை விட்டு விலகிப்போனவர்கள் உண்டு. விலகாமல் இருந்தும் உள்ளுக்குள் சர்வேசுரனோடு பேச்சு வார்த்தை இல்லாதவர்களும் உண்டு. ஆகையால் இன்றைய பாடத்தைச் சற்று நிதானமாய்ப் படியுங்கள். இரவு செபமாலை முடிந்த பின் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்பது நலம்.

1. "நல்ல" என்னும் சொல்

நாம் தினமும் எத்தனையோ காரியங்களை நல்லது என்கிறோம். நல்ல அரிசி, நல்ல மாடு, நல்ல டாக்டர். இவையெல்லாம் நமக்குப் பயன்படுவதால் நல்லவை. மாடு பால் வற்றினால், "நல்ல மாடு" என்ற பேரும் வற்றிவிடும். இதே அளவுகோலை நாம் சர்வேசுரனுக்கும் வைத்துவிடுகிறோம். கேட்டது கிடைத்தால் நல்லவர். கிடைக்காவிட்டால் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் மனதுக்குள் வேறு பேர்.

ஒரு பணக்கார வாலிபன் ஓடிவந்து சேசுநாதர் முன் முழந்தாளிட்டு, அவரை நல்ல போதகரே என்று அழைத்தான். நம் ஆண்டவர் உடனே அவனை நிறுத்தி, என்னை நல்லவன் என்பானேன், சர்வேசுரன் ஒருவரே நல்லவர் அல்லவா என்ற கருத்தில் கேட்டார் (மாற்கு 10-ம் அதிகாரம்). தாம் நல்லவரல்ல என்றா அவர் சொன்னார்? இல்லை. "நல்லவர்" என்னும் சொல்லின் கனத்தை அந்த வாலிபன் உணரும்படி செய்தார். அந்தச் சொல்லை முழுப் பொருளோடு சொன்னால் அது ஒருவருக்கே பொருந்தும்.

இதை நம் அடுப்படியிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். ரசத்துக்கு உப்புச் சுவை எங்கிருந்து வந்தது? உப்புப் போட்டதால் வந்தது. குழம்புக்கும் அப்படியே. ஆனால் உப்புக்கு உப்புச் சுவை எங்கிருந்து வந்தது? உப்புக்கு யாரும் உப்புப் போடுவதில்லை. அது தானே உப்பு. மனிதர், சம்மனசுகள், மண், மரம் எல்லாம் வாங்கிக்கொண்ட நன்மையால் நல்லவை. சர்வேசுரனோ யாரிடமும் நன்மையை வாங்கினவரல்ல, அவரே நன்மை. வேதசாஸ்திரிகளில் தலைசிறந்த அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் தம் பெரிய நூலின் முதல் பாகத்து ஆறாம் விசாரணையில் இதைத்தான் படிப்படியாய் விளக்குகிறார். ஆகவே சர்வேசுரன் இன்று நல்லவராயிருந்து நாளை மாறிப்போகிறவரல்ல. ரசத்தில் உப்புக் குறையலாம். உப்பில் உப்புக் குறையாது.

2. அவர் ஏன் நம்மை உண்டாக்கினார்?

யாராவது நமக்கு உதவி செய்தால், "இவருக்கு இதில் என்ன ஆதாயமோ?" என்று கேட்பது நம் வழக்கம். சர்வேசுரனைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்டால், திருச்சபையின் விடை தெளிவாயிருக்கிறது. தம் பாக்கியத்தைக் கூட்டிக்கொள்வதற்காகவோ, இல்லாத ஒன்றைச் சம்பாதிப்பதற்காகவோ அவர் உலகைப் படைக்கவில்லை. தம் நன்மையைச் சிருஷ்டிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கவே படைத்தார் என்று 1870-ம் வருஷத்து வத்திக்கான் பொதுச் சங்கம் போதித்தது.

இதன் பலன் என்ன? அவருக்கு நம்மிடம் ஆதாயம் இல்லாதபடியால், அவர் நம்மோடு வியாபாரம் செய்வதில்லை. நல்லவன் வயலுக்கும் கெட்டவன் வயலுக்கும் ஒரே வெயில், ஒரே மழை என்று சேசுநாதர் மலைப்பிரசங்கத்தில் காட்டினார் (மத்தேயு 5-ம் அதிகாரம்). மழை பெய்த வயல்காரன், "நான் யோக்கியன், ஆகையால் பெய்தது" என்று மார்தட்ட முடியாது. மழை பெய்யாத வயல்காரனைப் பார்த்து, "இவன் பாவி" என்று விரல் நீட்டவும் முடியாது. சர்வேசுரனுடைய நன்மை நமக்குக் கிடைக்கும் கூலியல்ல.

3. அப்படியானால் தீமை எங்கிருந்து வந்தது?

இது பழைய கேள்வி. 430-ம் வருஷத்தில் மரித்த அர்ச். அகுஸ்தீன் இதோடு பல வருஷம் போராடினார். அவர் கண்ட விடை இது: தீமை என்பது சர்வேசுரன் உண்டாக்கி வைத்த ஒரு பொருளல்ல, இருக்க வேண்டிய நன்மை இல்லாத குறையே தீமை. வேட்டியில் விழுந்த கிழிசலைப் பாருங்கள். கிழிசலை எந்த நெசவாளியும் நெய்வதில்லை. துணி இருக்கிற இடத்தில்தான் கிழிசல் உண்டு; துணியே இல்லாவிட்டால் கிழிசலும் இல்லை.

பாவம் என்னும் கிழிசல் மனிதனுடைய சுயாதீனத்தால் வந்தது. சிநேகிக்கவும் சிநேகியாதிருக்கவும் வல்லவனாக மனிதன் உண்டாக்கப்பட்டான். அவன் சிநேகியாதிருக்கத் தெரிந்துகொண்டான். சர்வேசுரன் பாவத்தை ஒருபோதும் விரும்புவதில்லை, அனுமதிக்கிறார். தீமையிலிருந்தும் நன்மையை வருவிக்க அவர் வல்லவராயிராவிட்டால் அதை அனுமதித்திருக்கவே மாட்டார் என்றும் அகுஸ்தீன் கற்பிக்கிறார். தன்னை விற்றுப்போட்ட அண்ணன்மார் பஞ்ச காலத்தில் எஜிப்துக்கு வந்தபோது, பழைய ஏற்பாட்டுச் சூசை தன் ஜீவியத்தில் கண்டதும் இதுவே (ஆதியாகமம்).

இந்தப் போதனை மெய். ஆனால் இதை எங்கே, யாருக்கு, எப்போது சொல்வது என்பதிலும் புத்தி வேண்டும். சூசை அந்த வார்த்தையைத் தன் கஷ்டங்களைப் பற்றித் தானே சொன்னார்; அதுவும் பல வருஷம் கழித்துச் சொன்னார். அவர் குழியில் கிடந்தபோது யாராவது மேலே நின்று, "தம்பி, இதுவும் நன்மைக்கே" என்று சொல்லியிருந்தால், அது ஆறுதலாயிருக்குமா?

4. யோபுவின் நண்பரும் சீலோவாம் கோபுரமும்

யோபு தன் ஆஸ்தி, மக்கள், தேக சுகம் எல்லாவற்றையும் இழந்தபோது மூன்று நண்பர் வந்தார்கள். ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் அவர்கள் நல்ல நண்பர்கள். எட்டாம் நாள் வாய் திறந்தார்கள். "நீ ஏதோ பாவம் செய்திருப்பாய்" என்று காரணம் கற்பிக்கத் தொடங்கினார்கள். புத்தகத்தின் முடிவில் சர்வேசுரன் யாரைக் கடிந்துகொண்டார்? தம்மோடு வழக்காடின யோபுவையும் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் தாழ்த்தினார். ஆனால் தம்மைப் பற்றிச் சரியாய்ப் பேசவில்லை என்று அவர் கோபித்தது அந்த நண்பர்களைத்தான். அவர்களுக்காக யோபு வேண்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. சர்வேசுரனுக்காக வக்கீலாய்ப் பேசப் போய், அவர் பேரையே கெடுத்துவிட்டார்கள்.

சேசுநாதர் காலத்தில் சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். அவர்கள் ஜெருசலேமிலிருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளோ என்று கேட்டு, இல்லை என்று ஆண்டவரே விடையும் சொன்னார் (லூக்காஸ் 13-ம் அதிகாரம்). செத்தவர்களுக்குத் தீர்ப்புச் சொல்வதை விட்டு, உயிரோடிருப்பவர்கள் மனந்திரும்ப வேண்டும் என்றார்.

இந்தப் போதனை நம் நாட்டுக்கு எவ்வளவு தேவை என்பதை 2004-ம் வருஷம் கண்டோம். அவ்வருஷம் டிசம்பர் 26-ந் தேதி, கிறீஸ்மஸ் திருநாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமாத்திரா தீவுக்கருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. சில மணி நேரத்தில் சுனாமி அலை நம் கரையை ஏறியது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, குளச்சல், மணக்குடி என்று கரையோரமெல்லாம் அழுகுரல். தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டார்கள். அவர்களில் திருநாளுக்கு மாதா கோயிலைத் தேடிவந்த யாத்திரிகர்களும் உண்டு. அலை இன்னதென்று அறியாத கைக்குழந்தைகளும் உண்டு.

பிழைத்தவர்கள் சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொன்னார்கள். அது நியாயமே. ஆனால், "நாங்கள் வேண்டிக்கொண்டோம், அதனால் பிழைத்தோம்" என்று ஒருவன் சொன்னால், அதற்குள் இன்னொரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது: "அவர்கள் வேண்டிக்கொள்ளவில்லை, அதனால் செத்தார்கள்." இந்த இரண்டாம் வாக்கியத்தைச் சொல்ல எவனுக்கும் அதிகாரமில்லை. கடலுக்குப் பாவியும் தெரியாது, புண்ணியவானும் தெரியாது. நம் தோத்திரம் அண்டை வீட்டானுக்குத் தீர்ப்பாக மாறக் கூடாது.

5. "தேவ சகாயம்" என்று பேர் பெற்ற மனிதர்

இப்போது நம் மண்ணின் அர்ச்சியசிஷ்டர் ஒருவரைப் பாருங்கள். நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டன் திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகஸ்தர். 1741-ல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பிறகு அதே இராச்சியத்தின் சேனையைப் பயிற்றுவித்த தெலனாய் என்ற கத்தோலிக்கர் அவருக்குச் சிநேகிதரானார். நீலகண்டனுக்கு வீட்டில் நஷ்டத்தின் மேல் நஷ்டம் வந்து மனம் சோர்ந்திருந்த காலத்தில், தெலனாய் அவருக்கு யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார் என்று வரலாறு கூறுகிறது. அவர் மனம் அதில் பற்றிக்கொண்டது. 1745-ம் வருஷம் மே மாதம் வடக்கன்குளத்தில் சேசுசபைக் குருவிடம் ஞானஸ்நானம் பெற்றார். இட்ட பேர் லாசர். "சர்வேசுரன் உதவினார்" என்பது அதன் பொருள். அதைத் தமிழில் தேவசகாயம் என்றார்கள்.

ஞானஸ்நானத்துக்குப் பிறகு அவருடைய நஷ்டங்கள் நீங்கினவா? நீங்கவில்லை. 1749-ல் சிறைப்பட்டார். ஏறக்குறைய மூன்று வருஷம் அடியும் அவமானமும் விலங்கும் அனுபவித்தார். 1752-ம் வருஷம் ஜனவரி 14-ந் தேதி ஆரல்வாய்மொழிக்கருகே காட்டாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ம் வருஷம் மே 15-ந் தேதி பிரான்சிஸ் பாப்பரசர் அவரை அர்ச்சியசிஷ்டர் என்று பிரகடனம் செய்தார். அவரது கல்லறை கோட்டாறு சவேரியார் கோயிலில் இருக்கிறது.

பேரோ தேவ சகாயம். வந்ததோ துப்பாக்கிக் குண்டு. அப்படியானால் அந்தச் சகாயம் எங்கே? குண்டிலிருந்து தப்புவிப்பதுதான் சகாயம் என்றால், அவருக்குச் சகாயம் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ஆனால் மறுதலித்தால் விடுதலை கிடைக்கும் நிலையில் அந்த மனிதர் மூன்று வருஷம் மறுதலிக்கவில்லையே, அதற்கு வேண்டிய பலம் எங்கிருந்து வந்தது? சர்வேசுரன் அவருக்குத் தம்மிடமுள்ள பொருளைக் கொடுக்கவில்லை, தம்மையே கொடுத்தார். நன்மையே உருவானவர் தரக்கூடிய நன்மைகளில் இதைவிடப் பெரிது ஏதுமில்லை.

6. பெத்தானியா வீட்டுக் கண்ணீர்

தேவசகாயத்துக்கு இட்ட அதே லாசர் என்ற பேர் பெத்தானியாவில் சேசுநாதரின் சிநேகிதர் ஒருவருக்கும் இருந்தது. அவர் வியாதியாயிருக்கிறார் என்று சகோதரிகள் ஆள் அனுப்பினார்கள். ஆண்டவர் உடனே வரவில்லை. அவர் வந்தபோது அடக்கம் முடிந்து நாலு நாள். மார்த்தாள் எதிர்கொண்டு போய், நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டானே என்று முறையிட்டாள். மரியாளும் அதையே சொன்னாள். நம் துக்க வீடுகளில் கேட்கும் முறைப்பாடு இதுதான் அல்லவா?

சேசுநாதர் அந்தப் பெண்களைக் கடிந்துகொள்ளவில்லை. சற்று நேரத்தில் லாசரை உயிரோடு எழுப்பப் போவதை அறிந்திருந்தும், அவர்களோடு அழுதார் (அருளப்பர் 11-ம் அதிகாரம்). சர்வேசுரனுடைய நன்மை எப்படிப்பட்டது என்று காணவேண்டுமானால் அந்தக் கல்லறையருகே நின்று பாருங்கள். அது தூரத்தில் இருந்துகொண்டு காரணம் சொல்லும் நன்மையல்ல. பிறகு அவர் லாசரை எழுப்பினார். ஆனால் எழுப்பப்பட்ட லாசரும் வேறொரு நாள் மரிக்கத்தானே வேண்டியிருந்தது. எந்தச் சுகமும் எந்தப் புதுமையும் இவ்வுலகில் கடைசி நன்மையாக முடியாது. கடைசி நன்மை சர்வேசுரனே. அவரோடு முடிவில்லாமல் வாழும் மோட்சமே. அதை நமக்குத் திறக்கும்படி சேசுநாதர் தாமே சிலுவையில் ஏறினார். அங்கே பிதாவானவர் தம் சொந்தக் குமாரனையும் விட்டுவைக்காமல் நமக்காகக் கையளித்தார் என்று அர்ச். சின்னப்பர் போதிக்கிறார்.

1992-ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் ஞானோபதேச நூலும், தீமை ஏன் என்ற கேள்விக்கு அவசரமான ஒற்றை விடை போதாது என்கிறது. படைப்பு, பாவம், மனித அவதாரம், சிலுவை, உயிர்ப்பு, மோட்சம் ஆகிய விசுவாசம் முழுவதும் சேர்ந்துதான் விடை. ஆகவே நம் தெருவின் இரண்டு தாய்மாரும் ஒரே வார்த்தையைச் சொல்லலாம். பிள்ளை பிழைத்தவள் நன்றிக் கண்ணீரோடும், பிள்ளையை இழந்தவள் துயரக் கண்ணீரோடும் சொல்லலாம். இரண்டாம் தாய்க்கு அதைச் சொல்ல நாளாகலாம். சர்வேசுரன் காத்திருப்பார். நாமும் அவளை அவசரப்படுத்தக் கூடாது.

7. வீட்டில் அனுசரிக்க வேண்டியவை

முதலாவது, "சாமி கண்ணைக் குத்தும்" என்று பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள். விளையாட்டாய்ச் சொன்னாலும் அது சர்வேசுரனைப் பற்றிய பொய். அந்தப் பிள்ளை பெரியவனாகி ஒரு கஷ்டம் வரும்போது, "சாமி குத்திவிட்டார்" என்றே நினைக்கும்.

இரண்டாவது, நேர்ச்சை செய்வது நல்ல வழக்கம். ஆனால் அது நன்றிக்கும் பக்திக்கும் அடையாளம். "இது நடந்தால் அது தருவேன்" என்று பேரம் பேசினால் அது லஞ்சம்போல் ஆகிவிடும். எல்லாவற்றையும் உடையவருக்கு யார் லஞ்சம் கொடுக்க முடியும்?

மூன்றாவது, துக்க வீட்டுக்குப் போனால் காரணம் கற்பியாதீர்கள். "சர்வேசுரனுக்குப் பிரியமான பிள்ளை, அதனால் எடுத்துக்கொண்டார்" என்ற பேச்சு நல்ல மனதோடு சொல்லப்படுவதுதான். ஆனால் தாயின் காதில் அது, "அவர் என் பிள்ளையைப் பறித்தார்" என்றே விழும். அடுப்பு மூட்டாத வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோங்கள். அங்கிருக்கிற சிறு பிள்ளைகளைக் குளிப்பாட்டுங்கள். முப்பதாம் நாளுக்குப் பிறகும் போங்கள். அப்போதுதான் வீடு வெறிச்சோடிக் கிடக்கும். சர்வேசுரனுடைய நன்மை அந்த வீட்டுக்குள் உங்கள் கையால் நுழையும்.

நாலாவது, நீங்களே துன்பத்தில் இருந்தால், சர்வேசுரனிடம் முறையிட அஞ்சாதீர்கள். சங்கீதங்களில் பல முறைப்பாட்டின் குரல் கலந்தவையே என்று படிக்கிறவர்கள் காண்பார்கள். நம் ஆண்டவரும் சிலுவையில் ஒரு சங்கீதத்தின் வார்த்தையால் முறையிட்டார். கோபித்துக்கொண்டாவது அவரோடு பேசுங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

குடும்பத்தில் கேட்டுக்கொள்ள:

வினா: சர்வேசுரன் நல்லவர் என்று ஏன் சொல்லுகிறோம்?
விடை: நமக்கு வேண்டியதைத் தருவதால் மட்டுமல்ல, அவரே நன்மையாயிருப்பதால் சொல்லுகிறோம்.

வினா: கஷ்டப்படுகிறவன் பாவி என்று சொல்லலாமா?
விடை: சொல்லக் கூடாது. யோபுவின் நண்பரைச் சர்வேசுரன் கடிந்துகொண்டார். சீலோவாமில் செத்தவர்களைப் பற்றி அப்படி நினைக்க வேண்டாமென்று சேசுநாதர் கற்பித்தார்.

வினா: சர்வேசுரன் தரும் மேலான சகாயம் எது?
விடை: அவர் தம்மையே நமக்குத் தருவது. இதை இவ்வுலகில் விசேஷமாய்த் தேவநற்கருணையில் பெறுகிறோம். மோட்சத்தில் முழுமையாய்ப் பெறுவோம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை வாங்கும்போது, இந்த வருஷம் ஒருவரை இழந்த வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். நற்கருணை வாங்குவதை "நன்மை வாங்குவது" என்று நம் முன்னோர் பேரிட்டது எவ்வளவு பொருத்தம்! பூசை முடிந்து திரும்பும் வழியில், அந்த வீடுகளில் ஒன்றுக்குள் நுழைந்து சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.